டாக்கோமீட்டர் இல்லாத வண்டியில் கியர் மாற்றப் பழகிய அனுபவம்

ஸ்பிளெண்டரிலிருந்து ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு மாறுகிறவர் முதலில் காலைத்தான் பழக்க வேண்டும். ஸ்பிளெண்டரில் நான்கு கியர்களும் முன்பக்கம் மிதித்தால் விழும். கிளாசிக்கில் முதல் கியர் மட்டும் கீழே, மற்ற நான்கும் மேலே. கால் விரைவிலேயே பழகிவிட்டது. எந்தக் கணத்தில் கியரை மாற்றுவது என்பதைப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆனது. என்னிடம் உள்ள வண்டியில் இன்ஜினின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரும் இல்லை, எந்தக் கியரில் ஓடுகிறது என்று சொல்லும் எண்ணும் இல்லை. ஆகவே காதையும் உள்ளங்காலையும் நம்பித்தான் எல்லாவற்றையும் கற்க வேண்டியிருந்தது.

ஸ்பிளெண்டரின் 97.2 சிசி இன்ஜின் தன் உச்ச இழுவையான சுமார் 8 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 6,000 சுற்றில் தருகிறது. கிளாசிக்கின் 349 சிசி இன்ஜின் 27 நியூட்டன் மீட்டரை 4,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. இதைப் படித்ததும், பெரிய இன்ஜின்தானே, மேல் கியருக்குச் சீக்கிரமே போய்விடலாம் என்று யாருக்கும் தோன்றும். பாதிதான் சரி. ஸ்பிளெண்டரை நகருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் கடைசிக் கியரில் ஓட்டினால் அது ஒன்றும் சொல்லாது. கிளாசிக்கை அதே வேகத்தில் ஐந்தாவது கியரில் விட்டால் வண்டி உதறும், செயின் தடதடக்கும், ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வேகம் கூடாமல் முக்கும். ஐந்தாவது கியர் நெடுஞ்சாலைக்கென்று அமைந்தது.

உதறலுக்குக் காரணம் எளிய கணக்கு. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். 3,000 சுற்றில் நொடிக்கு 25 தள்ளல்கள் கிடைக்கும். 1,500 சுற்றில் பன்னிரண்டரை மட்டுமே. இடைவெளி நீள நீள, ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வேகம் சற்றுக் குறைந்து மீண்டும் கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் செயின் தளர்ந்து இறுகுவதையே நாம் தடதடப்பாக உணர்கிறோம். அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறப்பது பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வீண் சுமை.

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், போக்குவரத்து குறைவான அதிகாலைகளில் ஓட்டிப் பார்த்து, எனக்கு வசதியான வேகங்களைக் குறித்து வைத்தேன். ஏறக்குறைய 15-இல் இரண்டாவது, 30-இல் மூன்றாவது, 45-இல் நான்காவது, 60-ஐ நெருங்கும்போது ஐந்தாவது. தனியாக, சமதளத்தில், அவசரமில்லாமல் ஓட்டும்போது மட்டுமே இவை பொருந்தும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தாலோ சாலை சற்று மேடானாலோ ஒவ்வொரு எண்ணும் மேலே நகர்ந்துவிடுகிறது. எனவே இந்த அட்டவணையை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

அதற்குப் பதிலாகக் கைக்கொண்டது ஒரு சிறு சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்து பார்க்க வேண்டும். வண்டி உடனே முன்னே நகர்ந்தால் கியர் சரி. சத்தம் கனத்து, வண்டி யோசித்துப் பிறகு நகர்ந்தால் ஒரு கியர் குறைக்க வேண்டும். சத்தம் மட்டும் ஏறி, ஃபுட்ரெஸ்டில் அதிர்வு கூடி, அதற்கேற்ற வேகம் வராவிட்டால் ஒரு கியர் ஏற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டர் வேகத்தை மட்டுமே அறியும். இன்ஜினின் மேல் இருக்கும் சுமையை இந்தச் சோதனைதான் காட்டுகிறது.

இதை முழுமையாகப் புரியவைத்தது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வேறெங்கும் கிடைக்காத அளவுக்குப் பயிற்சி ஒரே காலையில் கிடைத்துவிடுகிறது. நாம் சாலையின் இடப்பக்கம் செல்வதால், வலப்பக்கம் திரும்பும் வளைவு நமக்கு அகலமாகவும் சரிவு குறைவாகவும் கிடைக்கிறது. அதை இரண்டாவது கியரிலேயே எளிதாக ஏறிவிடலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். எதிரே பேருந்து இறங்கி வந்தால் அங்கே முதல் கியரே உதவும். எந்தக் கியரானாலும் வளைவுக்கு முன்பே போட்டு, கிளட்சை முழுதாக விட்டுவிட வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது கிளட்சைப் பிடித்தால் இழுவை அறுந்து, வண்டி உள்பக்கம் விழப் பார்க்கும்.

இறங்கும்போதும் பெரும்பாலும் ஏறிய கியரிலேயே இறங்குகிறேன். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை அந்தச் சாலையில் இன்னமும் பார்க்கலாம். இன்ஜின் பிடிக்க வேண்டிய வேகத்தையும் சேர்த்து பிரேக்கே பிடிக்க வேண்டியிருப்பதால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் ஆபத்து இருக்கிறது.

நகருக்குள் கற்றது வேறு விஷயம். மோட்டார் சைக்கிள் கியர்பாக்ஸில் ஐந்திலிருந்து நேரே ஒன்றுக்குத் தாவ முடியாது. ஒவ்வொன்றாகத்தான் இறங்க வேண்டும். வண்டி முழுதாக நின்ற பிறகு மிதித்தால், உள்ளே பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு சில வேளை கியர் விழ மறுக்கும். அப்போது கிளட்சைச் சற்றே விட்டுப் பிடித்தோ, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தோ மறுபடி மிதிக்க வேண்டும். ஐந்து ரோடு போன்ற சந்திப்பில், பின்னால் ஹாரன் ஒலிக்க இதைச் செய்வது தொல்லை. எனவே சிக்னலை நெருங்கும்போதே, வேகம் குறையக் குறைய ஒவ்வொன்றாக இறக்கி, இரண்டாவதில் வந்து நிற்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இப்போது பழகிக்கொண்டிருப்பது, கியரைக் குறைக்கும்போது கிளட்ச் பிடித்திருக்கும் அந்த அரை நொடியில் ஆக்சிலரேட்டரைச் சிறிது தட்டிவிடுவது. கீழ் கியரில் இன்ஜின் வேகமாகச் சுழல வேண்டும் என்பதால், முன்கூட்டியே அந்தச் சுழற்சிக்குக் கொண்டுவந்தால் கிளட்சை விடும்போது வண்டி குலுங்காது. பின்சக்கரமும் ஒரு கணம் இழுபடாது. நான்கிலிருந்து மூன்றுக்கு இது நன்றாகவே வருகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு, அதுவும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே செய்யும்போது, வலக்கையின் விரல்கள் ஒன்றும் உள்ளங்கை ஒன்றுமாகச் செயல்பட வேண்டியிருப்பதால் இன்னும் சீராக வரவில்லை. அதை ராசிபுரம் பக்கத்துக் காலிச் சாலைகளில் தனியாகப் பழகி வருகிறேன்.