பெரிய துளை, சின்னத் துளை

9 பிப்ரவரி 2025

சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா-எல்1 அனுப்பிய தரவுகளைப் போன மாதமே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், எனக்கு இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது. வேண்டியது அதிலுள்ள எக்ஸ்-கதிர் கருவி சோலெக்ஸின் கோப்புகள், அதிலும் 2024 மே 14. அன்று இரவு நம் நேரம் 10.21-க்கு சூரியனில் எக்ஸ்8.7 வெடிப்பு (எக்ஸ்தான் உச்ச வகை). அதற்கு நாலு நாள் முன்னால் லடாக்கில் ஹன்லே வானத்தைச் சிவக்க வைத்த அதே கரும்புள்ளிக் கூட்டம்தான், ஆனால் இதற்குள் சூரியனின் விளிம்புக்குப் போய்விட்டது.

10 பிப்ரவரி

சோலெக்ஸில் பெரிய துளை உள்ள டிடெக்டரின் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான்கள் என்பதை, வரைந்தேன். எதிர்பார்த்ததைவிட மேல் ஆற்றலில் எக்கச்சக்க ஃபோட்டான்கள்! வெடிப்பின் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) இவ்வளவு சூடா என்று ராத்திரி ஒரு மணிவரை மாடல் பொருத்திக்கொண்டிருந்தேன். வெப்பநிலை நம்ப முடியாத அளவுக்கு ஏறியபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

12 பிப்ரவரி

சொதப்பல் என்னுடையதுதான். டிடெக்டர் ஒவ்வொரு ஃபோட்டானாக வாங்கி, அது எழுப்பும் மின்துடிப்பின் உயரத்தை வைத்து ஆற்றலை எழுதுகிறது. வெடிப்பு உச்சத்தில் இரண்டு சேர்ந்து விழுந்தால் அதற்குப் பிரிக்கத் தெரியாது. உண்டியலில் இரண்டு பேர் ஒரே நொடியில் ஆளுக்கொரு ஐந்து ரூபாய் போட, சத்தத்தை வைத்தே கணக்கு எழுதுகிறவர் ஒரு பத்து ரூபாய் என்று குறித்துக்கொள்வது மாதிரி. 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) ஃபோட்டான்கள் இரண்டு, 6 என்று ஒன்றாகப் பதிவாகும். என் ‘சூடான பிளாஸ்மா’வில் பாதி இந்தப் பொய்க்கணக்கு.

இதற்குத்தான் சோலெக்ஸில் இரண்டு டிடெக்டர்கள். ஒன்றின் துளை 7.1 சதுர மில்லிமீட்டர், இன்னொன்று வெறும் 0.1. அமைதியான நாளில் சின்னது கிட்டத்தட்ட குருடு, பெரிய வெடிப்பில் அதை மட்டும்தான் நம்பலாம். சந்திரயான்-2இல் சூரிய எக்ஸ்-கதிர்களை அளக்கும் எக்ஸ்எஸ்எம் கருவியில் வேறு யோசனை: வெளிச்சம் அளவு மீறினால் பெரிலியத் தகடு ஒன்று தானாக நகர்ந்து வந்து குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை மறைத்துவிடும்.

13 பிப்ரவரி

சின்னத் துளைத் தரவில் மறுபடி. புள்ளிகள் குறைவு, இரைச்சல் அதிகம், ஆனாலும் 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இரும்பின் மேடு தெளிவாகத் தெரிகிறது, வெப்பநிலையும் தரையிறங்கிவிட்டது. மேல் ஆற்றலில் மிச்சமிருக்கும் வால் நிஜமா என்று சொல்ல, அதே விண்கலத்தில் இன்னும் அதிக ஆற்றல் எக்ஸ்-கதிர்களை அளக்கும் ஹீலியோஸ் கருவியின் கோப்பு வேண்டும். அது இறங்கிக்கொண்டிருக்கிறது, 40 சதவீதம்.