மூன்றாவது கியருக்காக நான் பட்ட பாடு

இரண்டாவது முறையும் புகைப் பரிசோதனையில் தோற்ற அன்று, அந்தத் தாளைச் சுருட்டி டாஷ்போர்டுக்குள் எறிந்துவிட்டு வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன். வண்டியின் வருடாந்த லைசன்ஸ் முடிய இன்னும் ஆறு நாள். பொனட்டில் சோற்றுக் கோப்பை அளவுக்கு ஓட்டை, அதன்மேல் பொலித்தீன். இவ்வளவுக்கும் நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் தனியார் பஸ்காரன் பின்னால் நின்று ஹோன் அடிக்காமல், மூன்றாவது கியரில் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

வண்டி 1989ஆம் ஆண்டு பஜேரோ, இரண்டு கதவு. 4டி56 டர்போ டீசல், 2,477 சிசி, இன்டர்கூலர் இல்லாதது. புதிதாக ஒன்று வாங்கலாமே என்பவர்களுக்கு: 2020இல் இறக்குமதியை நிறுத்தியபின் ஜீப் விலை எங்கே போனது என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். 2025இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு எட்டாது. எஞ்சினையே தூக்கிவிட்டு 4எம்40 வைக்கச் சொன்னான் மச்சான். 2,835 சிசி, வால்வுகளை இயக்கப் பெல்ட்டுக்குப் பதில் செயின், நல்ல எஞ்சின்தான். ஆனால் எஞ்சின் நம்பர் மாறினால் வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் மாற்ற வேண்டும், நாரஹேன்பிட்டி மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு நடக்க வேண்டும். அந்த வரிசைக்குப் பயந்துதான், கழற்றிப் பூட்டக்கூடிய சாமான்களோடு நிறுத்திக்கொண்டேன். அப்படியும் வரிசை என்னை விடவில்லை.

முதல் வேலையாக, டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜ் ஒன்றைப் பூட்டினேன். நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. முழு மிதியில் 0.3 பாரைத் தாண்டவில்லை. டர்போ போய்விட்டது என்று பயந்து பார்த்தால், டர்போவிலிருந்து, காற்று எஞ்சினுக்குள் நுழையும் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. குழாயையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியதும் முள் 0.6க்கு வந்தது. போன பவரில் பாதி அங்கேயே திரும்பிவிட்டது. புத்தி இருந்திருந்தால் அத்தோடு நின்றிருப்பேன்.

அடுத்தது இன்டர்கூலர். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும், சூடான காற்று ஐதாகும். அதைக் குளிரவைத்தால் அதே அழுத்தத்தில் கூடுதல் காற்று உள்ளே போகும். இதற்காகப் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை சனிக்கிழமை. வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணித்தியாலம் போனது. அங்கே போவதென்றால் கிழமை நாளில், காலையில், ஆட்டோவில் போங்கள். கையில் பழைய கேஸ்கட்டையோ துளைகளைக் குறித்த அட்டையையோ கொண்டுபோங்கள். வாயால் சொல்லி அங்கே ஒன்றும் கிடைக்காது.

கடைசியில் ஒரு சந்துக்குள் ஒரு நானா, கூரைவரை அடுக்கிய ரேடியேட்டர்களுக்கு நடுவிலிருந்து ஒன்றை இழுத்தெடுத்தார். ஹூண்டாய் கலப்பரின் இன்டர்கூலர்.

"இது ஹூண்டாய் சாமானாச்சே நானா?"

"பேர்தான் தம்பி வேற. எஞ்சின் ஒண்டுதான். கொண்டு போய்ப் பூட்டிப் பாருங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. கலப்பர் பழைய பஜேரோவை உரிமம் வாங்கிக் கொரியாவில் செய்த வண்டி, அதன் டி4பிஎச் எஞ்சினும் 4டி56தான். 28,000 கேட்டார், 24,500க்குத் தந்தார். பில்லில் "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று மூன்று மொழியிலும் இருந்தது. வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தால் கொஞ்சம் ஓயில் வரும், அது பரவாயில்லை. மினுமினுவென்று அலுமினியத் தூள் வந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய வண்டியின் டர்போ உடைந்து தூளெல்லாம் அதற்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். நானாவின் சாமானில் ஓயில் மட்டும்தான். மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் கழுவினேன். வீட்டில் வாங்கிய பேச்சைத் தனியாக எழுதலாம்.

பூட்டுவது ஒரு நாள் வேலை. வளைந்த குழாய் ஒன்றை மட்டும் லேத்தில் செய்வித்தேன். ஓடிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. மருதானை நெரிசலில் முன்பைவிட மோசம். காரணம் சாதாரணமானது. இந்த இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கும் வகை, கம்பனி வண்டியில் பொனட்டில் ஒரு மூக்கு இருக்கும், காற்று அது வழியாக இறங்கும். என் பொனட் தட்டையானது. மூடிய பொனட்டுக்குக் கீழே, சூடான எஞ்சின்மேல் அலுமினியப் பெட்டியை வைத்தால் அது காற்றைக் குளிர்விக்காது, அடுப்பில் வைத்த தாச்சி மாதிரி சூடேறும். மேனிஃபோல்ட் வாயில் ஒரு சின்ன வெப்பமானி செருகியிருந்தேன். கடுகண்ணாவையில் 95 பாகை காட்டியது.

மூக்கு வாங்கினேன். டிங்கரிங் பாஸ், அதாவது தகட்டு வேலைக்காரர், ஒருவர் பொனட்டை அளந்து வெட்டினார். வெட்டிய கையோடு சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார். பத்து நாள் ஆளே இல்லை. கொழும்பில் ஏப்ரல் பின்னேரங்களில் மழை எப்படிக் கொட்டும் என்று சொல்லத் தேவையில்லை. புத்தாண்டுக்கு முந்திய இரண்டு கிழமைகளில் எந்த கராஜிலும் வண்டியைத் திறந்துபோட விடாதீர்கள். பொலித்தீன் கதை இதுதான்.

ஆனால் என்னை உண்மையில் கவிழ்த்தது பொனட் இல்லை, பம்ப் ரூம். டீசல் பம்ப் திருத்தும் கடையைத்தான் அப்படிச் சொல்வோம். கொழும்பிலுள்ள ஒன்று, பெயர் வேண்டாம். மூக்கு வாங்குமுன்பே, இன்டர்கூலர் பலன் தரவில்லை என்ற கடுப்பில் அங்கே போயிருந்தேன். "காற்றைக் கூட்டினால் போதுமா, டீசலையும் கூட்ட வேண்டாமா?" என்றார் அங்கிருந்தவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பம்பின் பின்னாலிருக்கும் ஸ்குருவை அரைச் சுற்றுக்கு மேல் திருப்பினார். ஐந்து நிமிட வேலை, 6,000 ரூபா. வெளியே எடுத்து மிதித்தால் வண்டி பாய்ந்தது. பேஸ்லைன் வீதியில் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு.

பெற்றோல் எஞ்சின் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். டீசலில் எரிபொருள் கூடினால் எஞ்சின் குளிராது, சூடு ஏறும். 4டி56இன் ஹெட் அலுமினியம். சூடு தாங்காமல் வெடித்த ஹெட்டுகள் பஞ்சிகாவத்தையில் குவியலாகக் கிடக்கின்றன, போய்ப் பாருங்கள். எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டில் டர்போவுக்கு முன்னால், புகையின் சூட்டைக் காட்டும் ஒரு பைரோமீட்டர் இல்லாமல் அந்த ஸ்குருவைத் தொடவே விடக்கூடாது. நான் விட்டேன். பைரோமீட்டர் பெட்டிக்குள்ளேயே, பின் ஆசனத்தில் கிடந்தது.

இந்த நிலையில்தான் லைசன்ஸ் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனேன். டீசல் வண்டிக்கு நியூட்ரலில் வைத்து, எஞ்சின் தாங்கும் உச்சம்வரை திடீரென்று மிதித்து மிதித்துப் புகையை அளப்பார்கள். மிதிக்குமுன் அந்தப் பையன் "பெல்ட் எப்போ மாத்தினீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு மட்டும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். 4டி56இல் வால்வுகளை இயக்கும் பெரிய பெல்ட்டின் பக்கத்தில், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு சின்ன பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வுகள் போய்விடும். இரண்டும் ஒரு வருடத்துக்குள் மாற்றியவை. மிதித்தான். கொட்டகையே இருண்டது. ஃபெயில்.

பம்ப் ரூமுக்குத் திரும்பினேன். ஸ்குருவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அழுக்கு என்று நான்கையும் கழற்றிச் சுத்தம் செய்து இன்னொரு 14,000 வாங்கிக்கொண்டார். மறுபடி பரிசோதனை, மறுபடி ஃபெயில். கவுண்டரில் இருந்த பெண் "போன முறையும் நீங்கதானே?" என்று கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

வத்தளையில் ஒரு வயதான பாஸ் இருக்கிறார் என்று அலுவலகத்து டிரைவர் அண்ணன் கூட்டிப்போனார். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் பம்பின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் பகுதிக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். காற்று நிற்காமல் போனது. "டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு மாத்தயா" என்றார்.

விஷயம் இதுதான். டர்போ பம்பில் அந்தத் தொப்பிக்குள் ஒரு ரப்பர் தகடு உண்டு. பூஸ்ட் ஏற ஏற அது கீழே அமுங்கி, காற்றுக்கேற்ப டீசலைக் கூட்டும். என் வண்டியில் அது கிழிந்து எத்தனை வருடமோ. பூஸ்ட் வந்தாலும் டீசல் கூடவில்லை, பவர் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். பம்ப் ரூம்காரர் கிழிசலைப் பார்க்காமல், அல்லது பார்த்தும் சொல்லாமல், பிரதான ஸ்குருவைத் திருப்பிவிட்டார். அது பூஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீசலை ஊற்றும். நியூட்ரலில் மிதிக்கும்போது சுமை இல்லை, டர்போ காற்றுத் தராது, ஊற்றிய டீசலெல்லாம் கரியாகத்தான் வரும். பரிசோதனையில் நான் எத்தனை தடவை போனாலும் தோற்றிருப்பேன்.

டயஃப்ரமைத் தேடி மறுபடி பஞ்சிகாவத்தை. இந்த முறை பழையதைக் கையில் கொண்டுபோனதால் இருபது நிமிடத்தில் கிடைத்தது. பாஸ் அதைப் போட்டு, ஸ்குருவைப் பழைய குறிக்கே திருப்பினார். ஸ்குருவின் பழைய இடம் பெயின்டிலேயே தெரிந்தது. பைரோமீட்டரையும் அங்கேயே பூட்டினோம். கூலி 5,500, அதையும் கேட்கக் கூச்சப்பட்டார்.

மூன்றாவது முறை வண்டி பரிசோதனையில் தேறியது. லைசன்ஸ் முடிய இரண்டு நாள் மிச்சம்.

டிங்கரிங் பாஸ் ஊரிலிருந்து வந்து மூக்கைப் பூட்டியபோது ஒன்றைக் கற்றேன். மூக்குக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் காற்று பக்கத்தால் நழுவிவிடும். சுற்றிவரக் கதவு ரப்பர் ஒட்டினேன், பழைய வேன் கதவுடையது. அதன்பிறகுதான் வெப்பமானி இறங்கியது. போன கிழமை கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவையில் மூன்றாவது கியர், மேனிஃபோல்டில் 58 பாகை, பைரோமீட்டர் 640. 650ஐத் தொட்டால் காலை எடுத்துவிடுவதென்று வைத்திருக்கிறேன். எடுக்க வேண்டி வரவில்லை. பின்னால் ஒரு பஸ் வந்தது, ஹோன் அடித்தது, ஆனால் எட்டவில்லை.

பொனட்டுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. வெள்ளை வண்டியில் சாம்பல் நிற மூக்கு. மகள் அதற்குக் காக்காய் என்று பெயர் வைத்திருக்கிறாள். கண்டியிலிருந்து திரும்பும்போது நான்காவதில் மிதித்தால் கிளட்ச் லேசாக வழுக்குகிற மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, ஆட்டோவில், பழைய தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.