சுமைதாங்கியும் ஒரு லாடமும்

இந்த வாரம் வரைந்தது இதுதான். உத்திரமேரூர் போகும் வழியில், புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். தலைச்சுமையை யார் துணையும் இல்லாமல் இறக்கிவைக்க வாகாகத் தோள் உயரம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக முன்பெல்லாம் வைப்பார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமை இறங்கட்டும் என்று. இப்போது அதில் ஏதோ பேனர் கட்டிய கயிறு தொங்குகிறது. கயிற்றையும் சேர்த்தே வரைந்தேன்.

பேனாவில் இரண்டு தாள் வீண். அப்புறம் கரித்துண்டை எடுத்த பிறகுதான் அந்தச் சொரசொரப்பு வந்தது.

காலடி மண்ணில் தேய்ந்த மாட்டு லாடம் ஒன்று, ஒரே ஆணியோடு. அது இரண்டாவது படம்.

சாலையை அகலப்படுத்த மரத்தில் எண் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன், கல்லின் பின்பக்கம் இன்னும் பாக்கி.