ஆய்வக வைரத்துக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

மஞ்சளுக்குக் காரணம் காற்றுதான். உயர் அழுத்த முறையில், சுமார் 1,400 டிகிரி செல்சியஸில், உருகிய இரும்பு-நிக்கல் கலவையில் கார்பன் கரைந்து படிகமாகும்போது, உள்ளே சிக்கிய காற்றிலுள்ள நைட்ரஜனும் சேர்ந்துகொள்ளும். அலுமினியமோ டைட்டானியமோ கலந்தால் அது நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். கல் நிறமற்று வளரும். அதோடு துளி போரான் சேர்த்தால் நீலம். நைட்ரஜனைப் பிடிக்காமல் விட்டால் போரானின் வேலையை அது முறியடித்துவிடும், நீலம் எடுக்காது.

இளஞ்சிவப்புதான் அழகான வேலை. நைட்ரஜன் மிகக் குறைவான கல்லில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், சில கார்பன் அணுக்கள் தெறித்துக் காலியிடங்கள் விழும். பிறகு 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அவை நகர்ந்து நைட்ரஜன் பக்கத்தில் போய் உட்காரும். அந்த ஜோடி பச்சை, மஞ்சள் ஒளியை விழுங்குவதால் கல் ரோஜா நிறம் காட்டும்.

சூடாக்காமல் விட்டால் பச்சையோ நீலப்பச்சையோ நிற்கும். அப்படிப்பட்ட கல் பதித்த மோதிரத்தைப் பற்றவைக்கக் கொடுத்தால் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். ஊதுகுழல் சூட்டில் நிறம் மாறிவிடலாம்.