புதுச்சேரி வெயிலில் கேபிள் பின்னல்

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஊர் ஒப்புக்கொள்ளும்படி ஒரு காரணம் இருக்கும். மருத்துவமனை, கல்லூரி, கடற்கரை. இல்லாவிட்டால் முள்ளோடை எல்லையைத் தாண்டியதும் வரிசைகட்டி நிற்கிற மதுக்கடைகள். கம்பளிப் பின்னல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மஞ்சக்குப்பத்துப் பெரியம்மா வீட்டில் சொன்னதும், "ஊட்டிக்குப் போகிற வழியில் தவறி இங்கே இறங்கிவிட்டாயா?" என்றார் பெரியப்பா. வெளியே சித்திரை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது.

சாதாரணப் பின்னல் எனக்குத் தெரியும். பள்ளியில் கைவேலை வகுப்பில் நிட், பர்ல் இரண்டையும் சொல்லிக்கொடுத்தார்கள். முன்பக்கம் வழவழப்பாகத் தெரிவது நிட்; முண்டு முண்டாகத் தெரிவது பர்ல். ஆனால் ஸ்வெட்டரின் நடுவே கயிறு முறுக்கியதுபோல் எழுந்து நிற்கும் அந்தக் கேபிளைப் பார்க்கும்போதெல்லாம், அது வேறு ஏதோ வித்தை, பிறவியிலேயே வரவேண்டியது என்று ஒதுங்கிவிடுவேன். தோழியின் அம்மா புதுச்சேரியில் இருக்கிறார், பல வருடம் பிரான்சில் பின்னியவர் என்று தெரிந்த பிறகு ஒதுங்க வழியில்லாமல் போயிற்று.

பஸ் தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று நின்று நின்று போகிறது. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு வரும்போது மட்டும் கொஞ்சம் காற்று. அதற்குப் பிறகு அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, நெரிசல். வழியைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தோழியின் அம்மாவுடைய வீடு சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற மஞ்சள் சுவர்த் தெருக்களில் இல்லை. கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில், திண்ணையும் மரத்தூணும் உள்ள பழைய வீடு. மறைந்த அவர் கணவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தது. அந்தக் குடும்பங்களில் ஒன்றுதான் இவர்களுடையதும். படை முகாம் எங்கே போனதோ அங்கே இவரும் போனார். குளிர் ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்மணிகளிடம் மொழி தெரிவதற்கு முன்பே பின்னல் கற்றாராம். "விரலைப் பார்த்தால் போதும். பேச்சு எதற்கு?"

தொலைபேசியில் அவர் முன்கூட்டியே இரண்டு கட்டளை போட்டிருந்தார். ஒன்று, நூல் வெளிர் நிறத்தில் இருக்கவேண்டும். இரண்டு, ஊசியில் எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பார்த்து வாங்கவேண்டும். இரண்டாவதன் அருமை பிறகுதான் புரிந்தது. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் பழைய ஆங்கிலேய எண்தான் இருக்கும். அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் அதே 8 என்றால் 5 மில்லிமீட்டர். ஒன்றில் எண் கூடக் கூட ஊசி மெலியும், மற்றதில் தடிக்கும். இணையத்தில் பார்த்த மாதிரியை உள்ளூர் ஊசியில் பின்னினால் வேறு அளவில் வருவதற்கு இது ஒன்றே போதும்.

நேரு வீதிக் கடைக்காரர் கருநீல நூலைத்தான் எடுத்து எடுத்துப் போட்டார். "அழுக்குத் தெரியாதும்மா." அழுக்கு மட்டுமா, கேபிளும் தெரியாது. மேடும் பள்ளமும் போடுகிற நிழலில்தான் கேபிளின் அழகு இருக்கிறது. கருநிறம் அந்த நிழலை விழுங்கிவிடும். அவுரியில் தோய்த்த நீலத் துணியைக் கப்பல் கப்பலாகச் செனகலுக்கு அனுப்பி, பதிலுக்கு அங்கத்திய பிசின் வணிகத்தை நடத்த உதவிய ஊர் இது. நீலத்தின் மேல் அவர்களுக்கு இன்னும் பாசம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு சந்தன நிற அக்ரிலிக் நூலை வாங்கினேன்.

திண்ணையில் உட்கார்ந்ததும் தோழியின் அம்மா ஊசியில் 18 கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், ஏற்றச் சொன்னார். முன்பக்கத்தில் ஆறு பர்ல், ஆறு நிட், ஆறு பர்ல். பின்பக்கம் திரும்பும்போது அதற்கு எதிர்மாறு. நடுவில் இருக்கிற ஆறுதான் கயிறாகப் போகிறது. இரு பக்கமும் இருக்கிற பர்ல் அதற்குத் தரை. தரை பின்வாங்கி நிற்பதால்தான் கயிறு மேலே எழுகிறது.

நான்கு வரிசை கழிந்தது. ஐந்தாவதில், பர்ல் ஆறும் முடிந்து நடுப்பகுதிக்கு வந்தபோது, இரு முனையும் கூரான ஒரு குட்டி ஊசியை நீட்டினார். முதல் மூன்று கண்ணிகளைப் பின்னாமல் அப்படியே இந்தக் குட்டி ஊசிக்கு மாற்றித் துணிக்கு முன்னால் விட்டுவிடு. அடுத்த மூன்றை நிட் போடு. இப்போது குட்டி ஊசியில் இருக்கும் மூன்றை நிட் போடு.

போட்டேன்.

"முடிந்தது" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. இத்தனை வருடம் பயந்தது இதற்கா? புதிதாக ஒரு தையலும் இல்லை, அதே நிட்தான். வரிசையில் நின்றவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள், அவ்வளவே. குட்டி ஊசி முன்னால் நின்றால் கயிறு இடப்பக்கம் சாயும். பின்னால் நின்றால் வலப்பக்கம். ஒவ்வொரு ஆறாவது வரிசையிலும் ஒரே பக்கமாக மாற்றிக்கொண்டே போனால் முறுக்கிய கயிறு. ஒரு முறை முன்னால், மறுமுறை பின்னால் என்று போனால் நெளிந்து போகும் அலை. ஆறு இரட்டைப்படை என்பதால் மாற்றும் வரிசை எப்போதும் முன்பக்கத்திலேயே வந்து விழும். இதெல்லாம் முதல் காலையிலேயே கைவந்துவிட்டது.

உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. ஆறாவது வரிசை எது? பால்காரர் வந்தார், பக்கத்து வீட்டுக்காரர் சாவி கொடுத்துவிட்டுப் போனார், எண்ணிக்கை காற்றோடு போயிற்று. நான் காகிதத்தில் கோடு போட ஆரம்பித்ததைப் பார்த்து அம்மா அந்தக் காகிதத்தையே வாங்கி வைத்துக்கொண்டார். "துணியிலேயே எழுதியிருக்கிறதே, படிக்கக்கூடாதா?"

கயிறு கடக்கிற இடத்தின் நடுவில் ஒரு சிறு துளை விழும். பின்னாலிருந்து அதில் விரலை நுழைத்து லேசாக இழுத்தால், துளைக்கு மேலே குறுக்கு இழைகள் ஏணிப்படி மாதிரி தெரியும். கீழிருந்து ஊசிவரை எண்ண வேண்டும். மாற்றிய வரிசையின் இழையையும் சேர்த்து ஆறு வந்தால், அடுத்ததில் மாற்று. இவ்வளவு எளிய இந்தக் காரியத்தைப் பல வழிகாட்டிகள் விட்டுவிட்டு, வரிசை எண்ணும் கருவியை வாங்கச் சொல்கின்றன. எனக்கு அந்தக் கருவி வியாபாரத்தின் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

தவறாகக் கடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் காட்டினார். தன் துண்டில் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகப் போட்டு, மேலே பல வரிசை பின்னி, அந்த ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டார். மற்றவை அசையவில்லை. தப்பான இடம்வரை இறங்கி, சரியாக மாற்றி, குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வந்தார். நான் மூச்சு விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீரைக்காரியிடம் விலை பேசிக்கொண்டே முடித்தார்.

மதியங்களில் பின்னுவது வீண். வியர்த்த விரலில் அக்ரிலிக் நூல் ஒட்டிக்கொள்ளும், அலுமினிய ஊசியில் நகரவே நகராது. அப்படி ஒரு மதியம், அரியாங்குப்பத்திலிருந்து வீராம்பட்டினத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும் ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. நான் போனது திருவிழா இல்லாத நாள். கடற்கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் அரான் தீவுகளைப் பற்றி ஒரு கதை ஸ்வெட்டர் கடைகளில் ஓடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கேபிள், கடலில் மூழ்கியவரைப் பின்னலை வைத்து அடையாளம் காண்பார்கள் என்று. 1904-இல் அரங்கேறிய ஒரு ஐரிஷ் நாடகத்தில், இறந்தவனின் காலுறையில் நழுவிய கண்ணிகளை எண்ணி அவன் சகோதரி கண்டுகொள்கிறாள். அதிலிருந்து வளர்ந்த கதையாக இருக்கலாம் என்பார்கள். கேபிள் நிறைந்த அரான் ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதுதான். கதையை அம்மாவிடம் சொன்னபோது, "பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரிய ஸ்வெட்டர் வேண்டுமா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வீராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த துண்டை வாங்கிப் பார்த்தார். கயிறு தெரிந்தவர் அல்லவா. விரலால் தடவி, "இரண்டு புரிதானே?" என்றார். "மூன்று புரி போட்டால்தான் நம்பிப் பிடிக்கலாம்."

மறுநாள் காலை அம்மாவிடம் இதைச் சொன்னேன். நடுவில் ஒன்பது கண்ணி ஏற்றச் சொன்னார். முதல் ஆறில் குட்டி ஊசியைப் பின்னால் வைத்து மாற்று, கடைசி மூன்று நேராக. நான்கு வரிசை கழித்து முதல் மூன்று நேராக, அடுத்த ஆறில் குட்டி ஊசி முன்னால். இதையே மாற்றி மாற்றிப் போடப் போட மூன்று புரியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி இறங்கிப் படர்ந்தன. முந்தையதைவிட இது எனக்கு அதிகம் பிடித்தது. பெரியவரிடம் காட்ட ஆசையாகக் கொண்டுபோனேன். "இது கயிறு இல்லையே பாப்பா, சடை. கயிறு ஒரே பக்கம்தான் முறுக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி.

கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மூங்கில் ஊசி வியர்வைக் கைக்கு ஏற்றது. பருத்தி நூலிலும் பின்னலாம். ஆனால் அது இழுத்தால் நீளாது, இடம் மாற்றும்போது விரல் வலிக்கும், ஆகவே முதல் துண்டுக்கு வேண்டாம். கேபிள் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், சாதாரண ஸ்வெட்டர் கணக்கில் கேபிளைச் செருகினால் உடம்பில் ஏறாது; கூடுதல் கண்ணி சேர்க்கவேண்டும், எத்தனை என்பதைச் சிறு துண்டு பின்னி அளந்து பார்க்கவேண்டும். அக்ரிலிக்கை இஸ்திரி போடவே போடாதீர்கள், சூட்டில் கயிறு படுத்துவிடும், பிறகு எழாது. பெரியப்பாவுக்குக் காதுப்பட்டை ஒன்று பாதியில் இருக்கிறது. மார்கழியில் விடியற்காலை நடைக்குப் போகும்போது கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சடை வேண்டாமாம், இரண்டு புரியே போதுமாம்.