பழைய மெட்ராஸ் ரோட்டில் ஓர் ஆர்8

சென்ற ஆண்டு என் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் 1ஏ-யில் கையெழுத்திட்ட மருத்துவர், இரு கண்களிலும் புரை நீக்கப்பட்டிருப்பதைக் குறித்துக்கொண்டு, எழுத்துப் பலகையின் கடைசி வரியை மூன்று முறை படிக்கச் சொன்ன பிறகே முத்திரை வைத்தார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால் என்னுடையது 2030 வரை செல்லும். அதே வாரத்தில் என் ஸ்போர்ட்ஸ் காரின் பதிவுச் சான்றான ஆர்.சி.யையும் எடுத்துப் பார்த்தேன். 2013-இல் பதிவான வண்டி அது. 15 ஆண்டுப் பதிவு 2028-இல் முடிகிறது. அதற்குப் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் அதற்கும் ஐந்தைந்து ஆண்டுகள்தான். இரண்டு காகிதங்களையும் மேசைமேல் அருகருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டியை ஓட்டுவதா, விலை குறையாமல் காப்பதா என்று வீட்டில் ஓராண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருந்த விவாதத்தில் என் பக்கத்தை நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

வண்டி ஆடி ஆர்8. இருக்கைகளுக்குப் பின்னால் கண்ணாடி மூடியின் கீழே 5.2 லிட்டர், பத்து சிலிண்டர் என்ஜின் தெரியும் வகை. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் நடத்திய எந்திரப் பட்டறையை 2021-இல் விற்றபோது, வந்த பணத்தில் 78 லட்சத்தை ஒதுக்கி இரண்டாம் கையாக வாங்கினேன். அப்போது எனக்கு 62 வயது; வண்டி 14,200 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ராணிப்பேட்டையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1975-இல், தாய்மாமன் என்னைச் சென்னைக்கு அருகேயுள்ள சோழவரத்துக்குக் கார்ப் பந்தயம் பார்க்க அழைத்துச் சென்றார். பழைய போர்க்கால விமான ஓடுபாதையில், பியட், ஹெரால்டு கார்களின் என்ஜின்களை வைத்து உள்ளூர்ப் பட்டறைகளில் கட்டிய வண்டிகள் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே பறந்ததைப் பார்த்த பதினாறு வயதுப் பையனுக்கு அன்று பிடித்த ஆசை, நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. அதை முதலீடு என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

முதலீடு என்ற சொல் 2024-இல்தான் வீட்டுக்குள் வந்தது. அந்த ஆண்டு ஆர்8 உற்பத்தி நிறுத்தப்பட்டது. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாமல் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுகளுக்கு மேல் ஏறும் இப்படிப்பட்ட என்ஜின்கள் இனி வருவது அரிது என்றும், ஓடிய கிலோமீட்டர் குறைவாக உள்ள வண்டிகளுக்கு விலை ஏறும் என்றும் பழைய கார் வணிகர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். மாப்பிள்ளை மும்பையில் நிதித்துறையில் இருப்பவர், என்மீது உண்மையான அக்கறை உள்ளவர். "இப்போ 17,900-ல நிக்குது மாமா. அப்படியே பூட்டி வச்சிடுங்க. இருபதாயிரத்தைத் தாண்டிட்டா வாங்குறவன் கண்ணுல அது வேற வண்டி" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உறை போட்டு மூடி, எட்டு மாதங்கள் வண்டியைத் தொடாமல் இருந்தேன். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தினால் போதும் என்று நினைத்து, அதையும் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு மறந்துபோனேன்.

உறையை விலக்கிய நாளில் பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தது. பின்பக்கத்தில் எலி ஒன்று சென்சார் கம்பியைக் கடித்துத் துண்டித்திருந்தது. பிரேக் தட்டுகளில் பெங்களூர் மழைக்காலத்தின் ஈரம் செம்மண் நிறத்தில் படிந்திருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து சாலைக்கு எடுத்ததும் முதல் மூன்று கிலோமீட்டர் தூரம் ஸ்டீயரிங் சீராக அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றதால் டயர்கள் அடிப்பக்கத்தில் தட்டையாகியிருந்தன. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். என்னுடையதில் 2317, அதாவது 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் பள்ளக் கோடுகள் தேயாமல் புதிதுபோல இருந்தாலும், நகத்தால் அழுத்தினால் ரப்பர் உள்வாங்கவில்லை. அந்த நான்கையும் கழற்றிப் புதியவற்றை மாட்டினேன். கிலோமீட்டரைச் சேமிப்பதற்காக நிறுத்திய வண்டிக்கு, ஓடாத எட்டு மாதங்களில் செய்த செலவு, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் ஓட்டியதற்கான பழுதுபார்ப்புச் செலவைவிட அதிகம்.

இது எனக்குத் தெரியாத பாடம் அன்று என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது பட்டறையைப் பூட்டினோம். இரண்டு மாதங்கள் கழித்துத் திறந்தபோது கூலண்ட் தொட்டியிலிருந்து வந்த முட்டை அழுகிய நாற்றம் தெருமுனைவரை அடித்தது. பதினைந்து ஆண்டுகள் இரண்டு ஷிஃப்ட் ஓடியும் கண்ணாடிபோல இருந்த, லேத் என்ற கடைசல் இயந்திரத்தின் வழுக்குப் பாதைகளில் கைரேகை அளவுக்குத் துருப் புள்ளிகள் விழுந்திருந்தன. ஓடும் இயந்திரத்தில் எண்ணெய் ஒவ்வொரு பரப்பிலும் மெல்லிய படலமாக நிற்கிறது. ரப்பர் சீல்கள் நனைந்தபடி இருக்கின்றன. சூடு ஈரத்தை வெளியேற்றுகிறது. என்ஜினைச் சும்மா ஐந்து நிமிடம் ஓடவிடுவதும் உதவாது, தீங்குதான். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த உலோகத்தில் நீராகப் படிந்து எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை அரைமணி நேரமாவது சாலையில் ஓடினால்தான் அது வெளியேறும். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நூறு கிலோமீட்டர் ஓடினாலும் பத்தாயிரம் ஓடினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆகவேண்டும்.

என் மனைவி இதை வேறு விதமாகச் சொன்னாள். எங்கள் திருமணக் கூறைப்புடவையை அவள் இரண்டு முறை மட்டுமே உடுத்தியிருக்கிறாள். போன பொங்கலுக்கு முன்பு பீரோவிலிருந்து எடுத்து விரித்தபோது, மடிப்பு விழுந்த கோட்டிலேயே ஜரிகையும் பட்டும் விட்டுப்போயிருந்தன. வருடத்துக்கு நாலு தடவை உடுத்திய மாம்பழ நிறப் புடவை இன்றும் முழுதாக இருக்கிறது. அவள் இதைச் சொல்லி வாதம் எதுவும் செய்யவில்லை; புடவையை என் முன்னால் விரித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தாள்.

ஆனால் பணக் கணக்கை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. மாப்பிள்ளையும் நானும் ஒருநாள் மாலை தாளில் எழுதிப் பார்த்தோம். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டினால், பத்தாண்டுகளில் விற்கும்போது ஓடாத வண்டியைவிடச் சுமார் 12 லட்சம் குறைவாகக் கிடைக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. அதை ஏற்றுக்கொண்டே கணக்கிட்டால் கிலோமீட்டருக்கு 30 ரூபாய். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு, அன்றைய விலையில், பெட்ரோல் கிலோமீட்டருக்கு 17 ரூபாய். கோலாரைத் தாண்டிய முல்பாகல் வரை போய்த் திரும்பினால் 200 கிலோமீட்டர், அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு 9,400 ரூபாய். இது சிறிய தொகை இல்லை. என் பட்டறையில் ஓர் உதவியாளர் முதல் நாளில் சேரும்போது பெற்ற மாதச் சம்பளத்துக்குச் சமம். இந்த எண்ணை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் சாவியை எடுக்கிறேன்.

மறுபக்கத்தையும் எழுதினோம். அதே 78 லட்சம் கையில் இருந்திருந்தால், கணக்குப் போட்ட அன்றைய விகிதப்படி 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்திலும், மீதி 48 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்திலும் போட்டு ஆண்டுக்கு 5 லட்சத்து 82 ஆயிரம் வட்டி பெற்றிருக்கலாம். பணத்தைப் பெருக்குவதுதான் நோக்கம் என்றால் வண்டியே வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிய பிறகு உறை போட்டு வைப்பதால் அந்த வட்டி திரும்பி வரப்போவதில்லை. காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மான அட்டவணையும் ஆண்டுகளை மட்டுமே பார்க்கிறது. ஓராண்டைத் தாண்டிய வண்டிக்கு 20 சதவீதம், நான்காண்டைத் தாண்டியதற்கு 50 சதவீதம், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளும் மதிப்பு. அதில் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டருக்கு இடமே இல்லை. இதைப் பார்த்தபோது மாப்பிள்ளை முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

ஓட்டினாலும் விலை ஏறும் என்பதற்கு இணையத்தில் பலரும் காட்டும் உதாரணம் 'மிஸ்டர் பீன்' ஆக நடித்த ரோவன் அட்கின்சன். 1997-இல் சுமார் 5,40,000 பவுண்டுக்கு வாங்கிய மெக்லாரன் எஃப்1 வண்டியை அவர் கடைக்குப் போவதற்குக்கூடப் பயன்படுத்தினார், இரண்டு முறை மோதினார். இரண்டாவது விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒன்பது லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்கவேண்டி வந்தது. 41,000 மைல் ஓடியிருந்த அந்த வண்டி 2015-இல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதை என் நியாயமாக எடுத்துக்கொள்வது நேர்மையாக இருக்காது. மெக்லாரன் எஃப்1 உலகில் மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்டது. ஆர்8 நாற்பதாயிரத்துக்கும் மேல் வெளிவந்திருக்கிறது. என் வண்டியின் விலை குறையத்தான் செய்யும், நான் ஓட்டுவதால் இன்னும் கொஞ்சம் வேகமாகக் குறையும். அட்கின்சனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: நொறுங்கிய வண்டியைப் பழுதுபார்த்து மறுபடியும் சாலைக்குக் கொண்டுவந்தார்.

ஞாயிறு காலை நாலே முக்காலுக்கு அல்சூரில் இருந்து கிளம்புகிறேன். இந்த வண்டியில் ஒரு காலை முதலில் உள்ளே வைத்து ஏற என் முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை. முதலில் இருக்கையின் விளிம்பில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கதவுத் தூணைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைக் கடக்கும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். எங்கள் தெருவின் வேகத்தடை ஹம்புகள் விதிப்படி பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்கவேண்டியவை. ஒவ்வொன்றும் போட்டவர் மனம்போல இருக்கிறது. ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி வண்டியைச் சாய்வாகத் திருப்பி, நடக்கும் வேகத்தில் கடந்தால் அடிப்பாகம் உரசாது. மெட்ரோ தூண்களுக்கு இடையே பழைய மெட்ராஸ் ரோட்டில் ஏறி, கே.ஆர்.புரம் தொங்கு பாலத்தைத் தாண்டும்வரை என்ஜினை மூவாயிரம் சுற்றுகளுக்கு மேல் விடுவதில்லை. ஹோஸ்கோட்டேயில் விடியலுக்கு முன்பே பிரியாணிக்கு நிற்கும் கூட்டத்தைக் கடக்கும் நேரத்தில்தான் எண்ணெய் வெப்பமுள் எண்பது டிகிரியைத் தொடும்.

அதன் பிறகு வரும் இருபது நிமிடங்களுக்காகவே இந்த வண்டியை வைத்திருக்கிறேன். நான்கு வழிச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் என்ற வரம்பை நான் மீறுவதில்லை, மீறவேண்டிய தேவையும் இல்லை. எதிரில் சாலை காலியாக இருக்கும்போது இரண்டாவது கியருக்கு இறக்கி, அறுபதிலிருந்து நூறு வரை மிதியை முழுதாக அழுத்துகிறேன். சில விநாடிகளில் முடிந்துவிடும். நாலாயிரத்தில் அடித்தொண்டையில் இருக்கும் ஒலி ஐயாயிரத்தைத் தாண்டும்போது ஒரே உலோக இழையாக மாறுகிறது. அது காதில் கேட்பதற்கு முன்பே முதுகுத்தண்டில் தெரிகிறது, ஏனென்றால் என்ஜின் தலைக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. பத்து சிலிண்டர்களும் சரியான இடைவெளியில் சுடுகின்றனவா என்று என்னை அறியாமலே எண்ணுகிறேன். முப்பது ஆண்டுகள் லேத்தின் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் சத்தத்தை வைத்து பேரிங்கின் தேய்மானத்தைச் சொன்ன காதுக்கு அது பழக்கமாகிவிட்டது. கோலாரில் அந்தரகங்கை மலையின் விளிம்பு வெளுக்கும். முல்பாகலில் நெய் மணக்கும் தோசையைச் சாப்பிட்டு, வெயில் முதுகில் விழத் திரும்பிவிடுவேன்.

எதற்கும் எல்லை வைத்திருக்கிறேன். மழையில் எடுப்பதில்லை, கழுத்து முழுதாகத் திரும்பாத நாளில் எடுப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு நண்பர்கள் அழைத்தும் போகவில்லை, காரணம் சாதாரணக் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்பதில்லை. அங்கே ஒரு சுவரைத் தொட்டால் முழுச் செலவும் என்னுடையது. ஓடாத நாட்களில் பேட்டரி சார்ஜரில் இருக்கிறது, டயர்களில் காற்று சற்றுக் கூடுதலாக இருக்கிறது. புரை நீக்குவதற்கு முன்பு எதிரே வரும் லாரி விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தெரிந்தன. அவை மீண்டும் தெரிய ஆரம்பித்தால் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே நிறுத்திவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அந்த வணிகர் மறுபடியும் அழைத்தார். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டார். "24,100" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, முன்பு சொன்ன விலையில் மூன்று லட்சம் குறைத்துச் சொன்னார். நன்றி கூறி வைத்துவிட்டு, பட்டறைக் காலத்திலிருந்து எழுதிவரும் நீல அட்டை நோட்டைத் திறந்து, அந்த மாதத்தின் பெட்ரோல் செலவுக்கு அடுத்த வரியில் அந்த மூன்று லட்சத்தையும் எழுதினேன்.