வாசலில் ராட்வைலர்

கடலூரில் எந்தத் தெருவில் என்ன நாய் இருக்கிறது என்று கரண்ட் ரீடிங் எடுக்கப் போகிற எங்களைத்தான் கேட்க வேண்டும். போஸ்ட்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்ளலாம். எங்களுக்கு மீட்டர் பெட்டி மாடிப்படிக்கு அடியில் இருக்கும். நாயும் நிழலுக்கு அங்கேதான் படுத்திருக்கும்.

மஞ்சக்குப்பம் பக்கம் முன்பெல்லாம் பொமரேனியன், மிஞ்சிப்போனால் அல்சேஷன். இப்போது செம்மண்டலம், கோண்டூர் பக்கம் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு ராட்வைலர் குட்டி வந்துவிடுகிறது. பிள்ளை சிங்கப்பூரில் இருப்பான், அப்பா அம்மாவுக்குத் துணையாக அவன் அனுப்பி வைத்த நாய்.

இரண்டு மாசத்துக்கு ஒருமுறை போவதால் ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. கோண்டூரில் ஒரு வீட்டு ராட்வைலர் குட்டியாக இருந்தபோது என் பையை நக்கும், செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஒன்றரை வயசு வாக்கில் ஒரு நாள் போனேன். குரைக்கவே இல்லை. தலையைத் தாழ்த்தி, வாயை மூடிக்கொண்டு, என் கையை மட்டும் பார்த்தது. குரைக்கிற நாயைச் சமாளித்துவிடலாம். இப்படிப் பார்க்கிற நாயிடம் நான் ஓர் அடி கூட எடுத்து வைக்க மாட்டேன். அந்த அம்மா காலர் பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்தபடி, "வா தம்பி, ஒண்ணும் பண்ணாது" என்றார்கள். குட்டியாக இருந்தபோது சொன்ன அதே வார்த்தை. அந்த நாய் ஐம்பது கிலோ இருக்கும், அவர்கள் அவ்வளவு இருக்க மாட்டார்கள்.

நாயைக் குற்றம் சொல்ல முடியாது. காவல் புத்தி இரண்டு வயசை ஒட்டித்தான் முழுசாக வரும். ராட்வைலர், ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரில் மாடு ஓட்டவும் கசாப்புக்காரர் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய். அதுவாவது சொன்ன பேச்சைக் கேட்கும். துருக்கியின் காங்கல் இன்னும் ஒரு படி மேலே. மந்தையோடு தனியாகக் கிடந்து, ஓநாய் வந்தால் மேய்ப்பவன் சொல்லட்டும் என்று காத்திராமல் தானே முடிவெடுக்கும். நமீபியாவில் 1994 முதல் பண்ணைக்காரர்களுக்கு இந்த வகை நாய்களைக் கொடுக்கிறார்கள். ஆடு பிழைக்கிறது, ஆட்டைப் பிடிக்கிறதென்று முன்பு சுட்டுத் தள்ளப்பட்டுவந்த சிவிங்கிப்புலியும் பிழைக்கிறது. அங்கே அந்தப் புத்திக்கு வேலை இருக்கிறது. கோண்டூரில் பால்காரர், கேஸ்காரர், நான், இத்தனை பேரும் அதற்கு ஓநாய்தான்.

2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, இந்த இரண்டையும் சேர்த்து 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எங்கள் ரூட்டில் ஒரு நாயும் குறையவில்லை. தடையை விட, வாங்குகிறவர் அந்த நாயைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடத்திக்கொண்டு போவாரா என்று பார்த்தால் போதும் என்பது என் கட்சி. நாள் முழுக்கக் கூண்டில் கிடக்கிற நாய்தான் கேட் சத்தத்துக்கே கம்பியைக் கடிக்கிறது.

போன தடவை பாதிரிக்குப்பத்தில் ஒருத்தர், "காக்கேசியன் ஷெப்பர்ட் வாங்கலாம்னு இருக்கேன் சார், கரடி மாதிரி இருக்கும்" என்றார். பனிமலை நாய் அது, உடம்பெல்லாம் ரெட்டை ரோமம். நாய் மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம்ம கடற்கரைப் புழுக்கத்தில் எவ்வளவு இரைத்தாலும் நாக்கு ஈரம் காயாதே, மே மாசம் என்ன செய்வீர்கள் என்றேன்.

"ஏசி போட்டுடலாம் சார்."

அவர் வீட்டு ரீடிங் அப்போதே நானூற்றுச் சொச்சம். 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட் எப்படி மாறும் என்று அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தேனிப் பக்கம் கோம்பைன்னு ஒரு நாய் இருக்காமே, அது எப்படி சார்?" என்றார்.